மாயக் கண்ணாடியில் ஒரு நாய்!

"இவ்வளவு பெரிய ஆளு, நாய்க்குப் போய் பயப்படறியே!" என்று யாரையாவது கேலி செய்ததுண்டா? அப்படியென்றால் இதைக் கொஞ்சம் படியுங்கள்.

அளவு மீறிய பயத்துக்கு ஃபோபியா என்று பெயர். ஆபத்தில்லை என்று புத்திக்குத் தெரியும். ஆனாலும் நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும், கால் ஓடச் சொல்லும். ஓடியதும் வருகிற நிம்மதிதான் இதில் வில்லன்! 'ஓடினதாலதான் தப்பிச்சோம்' என்று மூளை கணக்குப் போட, பயம் இன்னும் வளர்கிறது. ஓடாமல், பயப்படும் பொருளைப் படிப்படியாகச் சந்தித்துப் பழகுவதே சிகிச்சை.

சரி, டாக்டர் தன் அறையில் நாயையும் சிலந்தியையும் வளர்க்க முடியுமா? இங்கேதான் நம்ம எலக்ட்ரானிக்ஸ் கைகொடுக்கிறது. விர்ச்சுவல் ரியாலிட்டி ஹெட்செட்டை மாட்டினால் இரண்டு கண்ணுக்கும் சற்றே மாறுபட்ட படங்கள் தெரியும். அதனால் ஆழம் புலப்படும். தலையைத் திருப்பினால் சென்சார் உணர்ந்து காட்சியையும் திருப்பும். பொய் என்று தெரிந்தும் உடம்பு நிஜமாகவே பயப்படும். அதுதான் தேவை!

சிலந்தியைக் கண்டு நடுங்கிய ஒரு பெண்ணுக்கு, ஒரு மணி நேரம் வீதம் 12 முறை இப்படிச் சிகிச்சை தந்து பலன் கண்டதை அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் 1997-இல் வெளியிட்டனர். அப்போது ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டும். இப்போது செல்போனே போதும். நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகம் 2021-இல் நடத்திய ஆய்வில் 129 பேர் கலந்துகொண்டார்கள். நாய், சிலந்தி, உயரம், ஊசி, விமானம் என்று ஆளுக்கொரு பயம். வீட்டில் இருந்தபடியே செல்போன் ஆப், ஹெட்செட் மூலம் 6 வாரப் பயிற்சி. பயத்தின் அறிகுறிகள் 75 சதவீதம் குறைந்ததாக 2022-இல் அறிவித்தார்கள். டாக்டரைத் தேடிப் போகவே கூச்சப்படுகிறவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

எங்கள் ஹாஸ்டலில் நான் பார்த்தது ஒன்று. பல்லிக்குப் பயந்த நண்பனின் தலையணையில், "பயம் தெளியட்டும்"னு சிலர் ரப்பர் பல்லியை வைத்தார்கள். பயம் இரட்டிப்பானதுதான் மிச்சம். சிகிச்சையில் அடுத்த படிக்குப் போவதும், போதும் என்று கண்ணாடியைக் கழற்றுவதும் பயப்படுகிறவர் கையில் இருக்கிறது. கேலியில் அது இல்லையே!

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். போக வேண்டியது பயம்; ஜாக்கிரதை அல்ல. தெருநாய் கடித்தால் உடனே சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, ஊசி போட ஓடத்தான் வேண்டும். மற்றபடி, பயப்படும் நண்பனிடம் "எந்தப் படி வரைக்கும் உன்னால முடியும்?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு ஹெட்செட்கூட வேண்டாம்!