கேள்வியும் குறிப்பும்

சித்தூரிலும் திருப்பதியிலும் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் வழங்குவதை நாம் அறிவோம். சங்கீதம் அங்கே இரு மொழிக்கும் பொதுச் சொத்து. 1954-ல் சங்கீத கலாநிதியான சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை, காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம் பயின்றவர். அத்தகைய குருகுலத்தில் கேள்வி ஞானமே கலைஞனின் கைம்முதல்.

அந்தக் கேள்வி அறுந்துபோனால் என்ன நேரும்? திருமலைச் செப்பேடுகள் விடை கூறுகின்றன. அன்னமாசாரியாரின் (1408–1503) பாடல்கள் ஆயிரக்கணக்கில் அவற்றில் உள்ளன, இராகப் பெயரும் உண்டு, ஸ்வரம் இல்லை. பழைய மெட்டுகள் பெரும்பாலும் மறைந்தன. ராள்ளபல்லி அனந்தகிருஷ்ண சர்மா போன்றோர் புதிதாக மெட்டமைத்து, ஸ்வரக் குறிப்புடன் வெளியிட வேண்டியதாயிற்று.

ஆகவே, கல்யாணத்திலும் கச்சேரியிலும் பல்லாண்டு வாசித்த கலைஞரும் குறிப்பைக் கண்டவுடன் வாசிக்கப் பழகுவது நலம். அதற்கு அவருடைய அனுபவமே முதல் இடையூறு. இரண்டு ஆவர்த்தனம் கண்டதும், தெரிந்த வழி என்று கை ஓடிவிடும், கண் நின்றுவிடும். எனவே கேட்டறியாத உருப்படியையே எடுத்துக்கொள்ள வேண்டும். முதலில் வாத்தியத்தைத் தொடாமல் தாளம் போட்டுப் படிக்க வேண்டும். ஆதி தாளத்தை நான்கு, இரண்டு, இரண்டு எனக் கோடுகள் பிரிக்கும். காற்புள்ளி ஓர் அக்ஷர நீட்டம்; அரைப்புள்ளி இரண்டு. ஸ்வரத்தின் மேற்புள்ளி தார ஸ்தாயி; கீழ்ப்புள்ளி மந்தர ஸ்தாயி.

சுருதி மாற்றுவதில் நம் குறிப்புக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஐரோப்பியக் குறிப்பில் ஒவ்வோர் எழுத்துக்கும் நிலையான ஒலி உண்டு. சுருதி மாறினால் வேறு எழுத வேண்டும். நம் ‘ஸ’வோ பாடகர் நிற்கும் கட்டைக்கெல்லாம் ஆதாரம். ஆயினும் தாளில் நேராத மாற்றம் விரலில் நேரும். பிடில்காரர் தந்தியைச் சுருதி கூட்டிக்கொள்வார். புல்லாங்குழல்காரர் வேறு குழலை எடுப்பார். ஹார்மோனியக்காரருக்கு அந்த வசதி இல்லை. ஒரு கட்டைச் சுருதியில் சங்கராபரணம் முழுதும் வெள்ளைக் கட்டைகளில் அமையும். இரண்டு கட்டைக்கு ஏறினால் காந்தாரமும் நிஷாதமும் கறுப்புக் கட்டைகளுக்குப் போய்விடும். ஒரே வர்ணத்தை வெவ்வேறு சுருதியில் மெதுவாக வாசித்து வந்தால் விரல் தானே வழி அறியும்.

குறிப்பு எலும்பு மட்டுமே. கமகமும் உயிரும் கேள்வியால் வருவன. அவை மூத்த கலைஞரிடம் ஏற்கெனவே உள்ளன. மும்பையிலும் தில்லியிலும் குருவைவிட்டுத் தொலைவில் வாழும் நம் பிள்ளைகளுக்கோ குறிப்பு முதலில் கிடைக்கிறது, கேள்வி அரிதாகிறது. அவர்கள் பார்த்து வாசிப்பதை ஒரு பெரியவர் அருகிலிருந்து கேட்டுத் திருத்துவாராகில், செப்பேட்டுப் பாடல்களுக்கு நேர்ந்த கதி நம் வீட்டுப் பாட்டுக்கு நேராது.