பற்றரியை மாற்றுமுன் பாதையைப் பாருங்கள்

பெரும்போகத்தின் முதல் மழை பெய்துவிட்டது. நான்கு சக்கர உழவு இயந்திரத்தின் சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தம் மட்டுமே வருகிறது. கடன்பட்டுப் புதிய பற்றரி வாங்குகிறோம். சில வாரங்களில் அதுவும் இறங்கிவிடுகிறது.

2018 ஜனவரியில் திறக்கப்பட்ட மொறகஹகந்த நீர்த்தேக்கத்துக்காக மாத்தளை மாவட்டத்தில் வயலையும் வீட்டையும் விட்டுப் பெயர்ந்த குடும்பங்கள் பல. புதிய காணியில் காலூன்றும் குடும்பத்துக்கு இத்தகைய வீண்செலவு பெரும் சுமை.

பற்றரி ஒரு குளம். அதற்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால் அல்ரனேற்றர். குளம் வற்றினால் முதலில் வாய்க்காலைத்தானே பார்ப்போம்?

முதலில் எஞ்சினை நிறுத்திவிட்டு பெல்ற்றைப் பாருங்கள். நடுவில் பெருவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் தாழலாம். அதற்கு மேல் தளர்ந்திருந்தால் அல்ரனேற்றர் சரியாகச் சுழலாது.

அடுத்து பற்றரி முனைகள். வெள்ளை அல்லது பச்சைப் பூப்பு இருந்தால் கழற்றித் துலக்கி, இறுக்கிப் பூட்டி, வசலின் பூசுங்கள். கழற்றும்போது எர்த் கம்பி முதலில். பூட்டும்போது அது கடைசியில். எர்த் கம்பி உடலில் பொருந்தும் இடத்தில் துரு இருந்தாலும் மின் ஓடாது.

மூன்றாவது, சிவப்பு விளக்கு. சாவியைத் திருப்பியதும் எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். ஓடும்போதும் எரிந்தால் சார்ஜ் ஏறவில்லை. தொடக்கத்திலேயே எரியாவிட்டால் பல்ப்பை மாற்றிப் பாருங்கள். பல அல்ரனேற்றர்கள் அந்த பல்ப் வழியாகவே தொடக்க மின்னைப் பெறுகின்றன.

இனி மீற்றர். சில மணி நேரம் ஓய்ந்த 12 வோல்ற் பற்றரி நிறைந்திருந்தால் சுமார் 12.6 காட்டும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை ஏற வேண்டும். ஏறாவிட்டால்தான் அல்ரனேற்றரைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். 15க்கு மேல் போனால் றெகுலேற்றர் பழுது. பற்றரி கொதித்து நீர் வற்றும். படகு எஞ்சினுக்கும் வழி இதுவே.

மூன்று எச்சரிக்கைகள்: எஞ்சின் ஓடும்போது பற்றரிக் கம்பியைக் கழற்றாதீர்கள், அல்ரனேற்றர் கருகிவிடும். பற்றரியின் அருகே பீடி, தீக்குச்சி வேண்டாம். அதிலிருந்து வரும் வாயு வெடிக்கும். நீர் குறைந்தால் காய்ச்சி வடித்த நீரை மட்டும் விடுங்கள். கிணற்று நீரும் அசிட்டும் கூடாது.

ஒரு மீற்றரின் விலை புதிய பற்றரியின் விலையில் சிறு பங்குதான். கிராமச் சங்கம் ஒன்றை வாங்கி வைத்தால் எல்லோருக்கும் உதவும். அடுத்த மழைக்கு முன் நாம் எல்லோரும் ஒருமுறை சோதித்துக் கொள்வோம்.