அடிச்சட்டத்தின் ஆதி நிறம்

பழைய காரைப் புதுப்பிக்கும் அன்பர்கள் மேனியின் மெருகையே எண்ணுவர், அடிப்பாகத்தை மறந்துவிடுவர். கோவை அவிநாசிச் சாலையில் 2015ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற ஜி.டி. கார் அருங்காட்சியகத்தில் பழைய வண்டிகளை நாம் வரிசையாகக் காணலாம். ஆனைகட்டி போன்ற மலைப்பாதைகளில் உழைத்த வண்டியாயின், அடிச்சட்டத்தில் சேறும் ஈரமும் தங்கித் துருவேறியிருக்கும். அனைத்தையும் உடனே சுரண்டிவிட்டால், ஆலையில் இட்ட முதற்பூச்சின் சான்றும் அழிந்துபோம்.

முதற்பூச்சு எதற்கு? இரும்பை ஈரம் அண்டாமல் காப்பதற்கும், மேற்பூச்சு பற்றிக்கொள்வதற்குமே. இரும்பு ஆக்சைடு கலந்த செந்நிறம் அக்காலத்தில் பெருவழக்கு. சாம்பல் நிறமும் உண்டு. ஆதலின் கடையில் 'ரெட் ஆக்சைடு' என்று கேட்டு வாங்குவது மட்டும் போதாது.

வெயிலும் சேறும் எட்டாத இடத்தை நாம் தேடவேண்டும்: தாங்கியின் பின்புறம், ரப்பர்த் திண்டின் அடி, இறுகப் பூட்டிய பட்டையின் கீழ். அங்கே சோப்புநீரால் கழுவி, நுண்ணிய வாட்டர் பேப்பரால் நீர்விட்டு மெல்லத் தேய்த்தால், மேல்வண்ணம், இடைப்பூச்சு, முதற்பூச்சு, இரும்பு என அடுக்குகள் வளையம் வளையமாகத் தோன்றும். பழம்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். உலரத் தேய்த்து அத்தூளைச் சுவாசித்தல் கேடு. பின்னர்ச் சிறு தகடுகளில் புதுப்பூச்சிட்டு, முற்றும் உலர்ந்தபின் பகலொளியில் ஒப்பிடவேண்டும். விளக்கொளியில் நிறம் மாறித் தோன்றும்.

உத்தரபாராவில் அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. தில்லியிலோ மும்பையிலோ தந்தையாரின் வண்டியைப் பேணும் நம்மவர்க்கு, விரலகலமுள்ள அத்திட்டே ஆவணம். நிறமற்ற வார்னிஷ் பூசி அதனை விட்டுவைத்தால், நமக்குப் பின் வருவோரும் கண்டறிவர்.