லிச்சி தின்ற பிள்ளைகளுக்கு விடியற்காலையில் வலிப்பு! வேலூர் டாக்டர் துப்பு துலக்கிய கதை

வேதாரண்யம் பக்கம் மாம்பழம் இறங்கும் மே, ஜூன் மாதத்தில்தான் பீகார் முசாபர்பூரில் லிச்சிப் பழம் பழுக்கிறது. தோப்பில் உதிர்ந்ததைப் பொறுக்கித் தின்னும் பிள்ளைகளை இங்கே யாரும் விரட்டுவதில்லை. அங்கேயும் அப்படித்தான்.

ஆனால் அங்கே 1995-ல் இருந்து ஒரு கொடுமை தலைகாட்டியது!

சாயங்காலம் வரை ஆடித் திரிந்த பிள்ளை விடியற்காலையில் அலறிக்கொண்டு எழும். கை, கால் வெட்டி இழுக்கும். அப்புறம் நினைவு தப்பிவிடும். பல பிள்ளைகள் பிழைக்கவே இல்லை. மழை பிடித்ததும் நோயும் போய்விடும்.

மூளைக்காய்ச்சல் என்றார்கள். கொசு என்றார்கள். வெயில் என்றார்கள். கிருமியைத் தேடினால் அகப்படவில்லை.

கிருமி டாக்டர் சொன்னது

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வைரஸ் துறையை நடத்தியவர் டாக்டர் டி.ஜேக்கப் ஜான். கிருமி ஆராய்ச்சியிலேயே காலம் கழித்த அவர்தான், இது கிருமி வேலையாக இருக்காது, பழத்து விஷமாக இருக்கலாம் என்று 2014-ல் லக்னோ விஞ்ஞானி முகுல் தாசுடன் சேர்ந்து எழுதினார்!

ஜமைக்கா தீவில் 'அக்கீ' என்று ஒரு பழம். காயாகத் தின்றால் வாந்தி எடுத்து, சர்க்கரை இறங்கிச் சாவார்கள். அதுவும் லிச்சியும் ஒரே குடும்பம். நகை கழுவும் பூந்திக்கொட்டையும் இவர்களுக்குப் பங்காளிதான்.

சர்க்கரை எப்படி இறங்குகிறது?

ராத்திரி சாப்பிடாமல் படுத்தாலும் ஈரலில் சேமித்த சர்க்கரை மூளையைக் காப்பாற்றும். அது தீர்ந்தால் உடம்பு கொழுப்பை எரித்து, அந்த பலத்தில் புதிதாகச் சர்க்கரை செய்துகொள்ளும்.

லிச்சியில் உள்ள விஷம் அந்தக் கொழுப்பு எரிவதைத் தடுத்துவிடுகிறது. நோஞ்சான் பிள்ளைக்கு ஈரலில் இருப்பும் குறைவு. இருப்பும் காலி, வரவும் அடைப்பு! காயிலும் கொட்டையிலும் இந்த விஷம் அதிகம்.

வயிறாரச் சோறு தின்ற பிள்ளைகள் அதே பழத்தைத் தின்றும் அனேகமாகத் தப்பிவிட்டார்கள்.

2014-ல் இரண்டு ஆஸ்பத்திரிகளில் மட்டும் 390 பிள்ளைகள் சேர்க்கப்பட்டார்கள். 122 பேர் பலி! இந்திய, அமெரிக்க நிபுணர்கள் 73 பிள்ளைகளின் சிறுநீரைச் சோதித்ததில் 48 பேரிடம் அந்த விஷத்தின் தடயம் இருந்தது. லிச்சி தின்றதும் ராச்சாப்பாடு இல்லாததும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடுகிறது என்று 2017-ல் அறிக்கை வெளிவந்தது.

பிள்ளைக்கு ராத்திரி சோறு போட்டுப் படுக்க வை, வலிப்பு வந்தால் உடனே சர்க்கரை பார்த்து குளுக்கோஸ் ஏற்று. அவ்வளவுதான் வைத்தியம்! அதன் பிறகு சாவு குறைந்தது. ஆனால் 2019-ல் மறுபடி நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் போய்விட்டார்கள். கடும் வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு என்று வாதாடும் டாக்டர்களும் இருக்கிறார்கள்.

"சர்க்கரையை இறக்குமாமே, நம்ம சுகருக்கு இதையே மருந்தாகத் தின்றால் என்ன?" என்று கேட்கும் ஆசாமிகள் உண்டு. வேண்டாம் ஐயா! 100 கிராம் லிச்சியில் சுமார் 15 கிராம் சர்க்கரை இருக்கிறது. தின்றால் சுகர் ஏறத்தான் செய்யும். காய், கொட்டை என்று போனாலோ அது மருந்தல்ல, விஷம்.

வேதாரண்யம் மாம்பழத்துக்கு இந்த வம்பு கிடையாது. மா, முந்திரிக் குடும்பத்தைச் சேர்ந்தது.