ரயிலா, வாடகை வண்டியா? பண்ணை பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு

வழி கேட்பதும் வழி சொல்வதும் எங்கள் கொடும்பாளூருக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தில் கோவலன், கண்ணகி, கவுந்தியடிகள் மூவரும் உறையூரைத் தாண்டி மதுரைக்கு நடக்கிறபோது எதிரே வந்த மாங்காட்டு மறையோன் எங்கள் ஊரைத்தான் அடையாளம் சொல்கிறான். கொடும்பைக் குளக்கரைக்குப் போனால் பாதை சூலம் மாதிரி மூன்றாகப் பிரியும் என்கிறான். எது குறுக்கு வழி என்று மட்டும் சொல்லி அவன் நிறுத்தவில்லை. வலப்பக்க வழியில் போனால் தினை, வரகு, மஞ்சள், கரும்பு, வாழை, பலா எல்லாம் செழித்த சிறுமலை வரும் என்று விளைச்சலையும் சேர்த்துச் சொல்கிறான். வழியில் என்ன பார்க்கலாம் என்பதும் பயணக் கணக்கில் சேர்ந்ததுதான்.

இயற்கை வேளாண்மைக்கு வருகிறவர்கள் புத்தகம் படித்து மட்டும் மாறுவதில்லை. இன்னொருவர் வயலில் இறங்கி, மண்ணைக் கையில் அள்ளி, "இதுக்கு என்ன போட்டீங்க, எப்போ போட்டீங்க" என்று கேட்ட பிறகுதான் மனசு மாறுகிறது. அதனால் பண்ணைப் பயணம் நம் இயக்கத்தின் முக்கியமான வேலை. ஆனால் ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் ஒரு விவாதம் கிளம்பும். ரயிலில் போவதா, வேன் பிடிப்பதா? முப்பத்தாறு வருசம் வங்கியில் பேரேடு பார்த்த பழக்கம் இருப்பதால் இந்தக் கணக்கு என் தலையில் விழுந்தது. போட்டுப் பார்த்ததில் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

வேன் கணக்கு

திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவை எடுத்துக்கொள்வோம். 160-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடி மீட்ட நெல் ஜெயராமன் தொடங்கி வைத்த திருவிழா. இரண்டு கிலோ விதை வாங்கிப் போனால் அடுத்த வருசம் நாலு கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற வழக்கத்தை உண்டாக்கியவர் அவர்.

எங்கள் ஊரிலிருந்து திருச்சி, தஞ்சாவூர், மன்னார்குடி வழியாக ஏறக்குறைய 160 கிலோமீட்டர். போக வர 320. அங்கே நாலு வயல் சுற்றினால் இன்னும் 40. மொத்தம் 360 கிலோமீட்டர். பன்னிரண்டு பேர் உட்காரும் வேனுக்குக் கிலோமீட்டருக்கு 22 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 7,920. ஓட்டுநர் பேட்டா 600, சுங்கமும் நிறுத்தக் கட்டணமும் 480. ஆக 9,000 ரூபாய். பன்னிரண்டு பேரும் வந்தால் தலைக்கு 750.

சிக்கல் இந்த "வந்தால்" என்ற வார்த்தையில் இருக்கிறது. முதல் நாள் ராத்திரி ஒருவர் வீட்டில் மாடு கன்று போடும், இன்னொருவருக்கு முறைத் தண்ணீர் வரும். நாலு பேர் நின்றுவிட்டால் மிச்சம் எட்டுப் பேருக்குத் தலைக்கு 1,125. பணம் இருக்கிறவர் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்துவிடுவார். குத்தகைக்கு ஓர் ஏக்கர் உழுகிற தம்பி ஒருவர் என்னிடம் சொன்னார்: "சார், அது எனக்கு ரெண்டு நாள் கூலி. நீங்க போய்ட்டு வந்து சொல்லுங்க, நான் கேட்டுக்கிறேன்." யார் பார்த்தால் அதிகப் பலனோ அவர்தான் வீட்டில் நின்றுவிடுகிறார். வேன் கணக்கில் எனக்கு உறுத்துவது இதுதான்.

ரயில் கணக்கு

கொடும்பாளூருக்கு ரயில் கிடையாது. விராலிமலை வழியாகப் பேருந்தில் திருச்சி போய், பஞ்சப்பூர் முனையத்தில் இறங்கி, ஜங்ஷனுக்கு இன்னொரு பஸ் ஏற வேண்டும். அங்கிருந்து திருவாரூருக்கு முன்பதிவில்லாப் பெட்டி. திருவாரூரிலிருந்து பஸ். அல்லது நேரம் ஒத்துவந்தால் காரைக்குடி போகும் ரயில். பல வருசம் மூடிக்கிடந்த அந்தத் தடம் 2019-ல் அகலப் பாதையாகி மறுபடி ஓடத் தொடங்கியது. எல்லாம் சேர்த்துப் போக வர 300 ரூபாய்க்குள் அடங்கும். ஒருவர் வராவிட்டால் அவருடைய செலவுதான் குறையும், மற்றவர் தலையில் ஏறாது.

ரயிலில் பாடமும் உண்டு. திருவெறும்பூர் தாண்டி, பூதலூர், ஆலக்குடி என்று போகப் போக நம் வானம் பார்த்த பூமி மறைந்து வாய்க்கால் பாசனம் தொடங்குவதை ஜன்னல் வழியே பார்க்கலாம். சாலியமங்கலம், கோவில்வெண்ணி, நீடாமங்கலம் என்று டெல்டாவின் நடுவிலேயே வண்டி போகும். எந்த ஊரில் வரப்பில் உளுந்து இருக்கிறது, எங்கே வயலில் ஆடு கிடை போட்டிருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டே போகலாம். வேனில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள், மீதிப் பேர் சினிமா பார்ப்பார்கள்.

பெண்களுக்கு இது இன்னும் பெரிய விசயம். எழுபது வயதைத் தாண்டிய, கேழ்வரகு போடுகிற ஓர் ஆத்தா சொன்னது: "வேன்ல ஏறுனா எறங்குற வரைக்கும் தண்ணி குடிக்க மாட்டேன் தம்பி. ரோட்டுல நிறுத்தச் சொல்ல முடியுமா, அத்தன ஆம்பளைங்க இருக்கயில?" ரயிலில் கழிப்பறை சுத்தமாக இருக்கிறதோ இல்லையோ, இருக்கிறது. பெண்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து வரலாம். எங்கள் குழுவில் ரயில் என்றால் பெண்கள் பேர் கொடுக்கிறார்கள், வேன் என்றால் யோசிக்கிறார்கள்.

வேனே சரி என்கிற இடங்கள்

ரயில் எல்லாவற்றுக்கும் மருந்து என்று சொல்ல வரவில்லை. கரூர் மாவட்டம் கடவூரில் நம்மாழ்வார் ஐயா உருவாக்கிய வானகத்துக்குப் போக வேண்டுமானால் மலை சூழ்ந்த அந்தப் பள்ளத்தாக்கு வரை எந்தத் தண்டவாளமும் போகாது. மணப்பாறைக்கு ரயில் உண்டு. ஆனால் நாம் திருச்சி போய் ரயில் பிடித்து மணப்பாறை வருவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதை. அங்கே வேன்தான் சரி, அல்லது பஸ். நம் மாவட்டத்திலேயே ஓடுகம்பட்டியில் உள்ள கொழுஞ்சிப் பண்ணைக்கு இரண்டு பேர் என்றால் பைக்கே போதும்.

கறவை மாடு வைத்திருப்பவர்களுக்கு வேறு நியாயம். காலைப் பால் கறந்துவிட்டுக் கிளம்பி சாயங்காலக் கறவைக்குத் திரும்ப வேண்டும் என்றால் ரயில் நேரம் ஒத்துவராது. ஒரே நாளில் மூன்று பண்ணை, மூன்றும் மூன்று திசையில் என்றாலும் வேன்தான் நல்லது.

சாமான் கணக்கும் பார்க்க வேண்டும். இரண்டாம் வகுப்பில் 35 கிலோ, படுக்கை வசதிப் பெட்டியில் 40 கிலோ வரை கட்டணமின்றிக் கொண்டுபோகலாம். விதை நெல்லுக்கு இது தாராளம். அதற்கு மேல் மூட்டை என்றால் பார்சல் அலுவலகத்தில் பதிந்து அனுப்பலாம். ஐம்பது மரக்கன்று வாங்கப் போகிறீர்கள் என்றால் வேன். பஞ்சகவ்யக் கேனை மட்டும் தயவுசெய்து ரயிலில் ஏற்றாதீர்கள். நமக்கு அது மணம், பக்கத்து இருக்கைக்காரருக்கு அப்படி இல்லை. நாற்றமடிக்கும் பொருளை ரயில்வே சட்டமும் அனுமதிப்பதில்லை.

பாதி ரயில், பாதி வண்டி

எங்களுக்கு நன்றாக ஒத்துவந்தது இரண்டையும் சேர்த்த வழி. ஊரிலிருந்து ஊருக்கு ரயில், வயலிலிருந்து வயலுக்கு வண்டி. திருத்துறைப்பூண்டியில் இறங்கி உள்ளூர் வேன் ஒன்றை 1,500 ரூபாய்க்குப் பேசினால் பன்னிரண்டு பேருக்குத் தலைக்கு 125. ரயிலோடு சேர்த்து 425 ரூபாய். முழு வேன் செலவைவிட 325 ரூபாய் மிச்சம். உள்ளூர் ஓட்டுநருக்கு எந்த வாய்க்கால் பாலம் உடைந்திருக்கிறது, எந்த வயலில் மாப்பிள்ளைச் சம்பா நிற்கிறது என்பதும் தெரியும். நம் பணமும் அந்த ஊரிலேயே தங்கும்.

இது நம் ஊருக்கு மட்டும் பொருந்துகிற வழி இல்லை. பிரான்சில் லியோன் நகரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனபோது பூஜொலே பகுதித் திராட்சைத் தோட்டங்களைப் பார்க்க ஆசைப்பட்டேன். 1981-லேயே பாரிசுக்கும் லியோனுக்கும் அதிவேக ரயில் விட்ட நாடு அது. சோன் ஆற்றை ஒட்டி வடக்கே போகும் வட்டார ரயில் வில்ஃபிரான்ஷ், பெல்வில் என்ற ஊர்களில் நிற்கிறது. ஆனால் தோட்டங்கள் மேற்கே குன்றுகளுக்குள் இருக்கின்றன. கடைசிப் பத்து கிலோமீட்டருக்கு அங்கேயும் கார்தான். அங்கே வாடகைக் கார் எடுப்பவர்கள் நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வருசத்துக்குத் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை வாங்கிப் போவது நல்லது. சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை, மருமகன்தான் ஓட்டினார். நகரம் வரை ரயில், கிராமத்துக்குள் கார் என்ற கணக்கு அங்கும் சரியாக வந்தது.

நம்பர் பலகையைப் பாருங்கள்

வாடகைக்கு வண்டி எடுக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது நம்பர் பலகை. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் வாடகை வண்டி. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து என்றால் நாமே ஓட்ட வாடகைக்கு விடும் வண்டி. வெள்ளைப் பலகை சொந்த உபயோகத்துக்கு உள்ளது. "கிலோமீட்டருக்கு அஞ்சு ரூவா கம்மி" என்று வெள்ளைப் பலகை வேன் வரும். பக்கத்து ஒன்றியத்து நண்பர்கள் அப்படிப் போய், சோதனையில் வண்டி நின்று, நாலு மணி நேரம் சாலையோரம் உட்கார்ந்திருந்தார்கள். அபராதத்தை விடுங்கள். விபத்து நடந்தால், வாடகைக்கு ஓடிய சொந்த வண்டி என்று சொல்லி காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கலாம். கடன் கொடுக்கும் வேலையில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், பெர்மிட், காப்பீடு இரண்டையும் போனில் படம் பிடித்து வாங்கிக்கொண்ட பிறகுதான் முன்பணம் கொடுக்க வேண்டும்.

பறிபோன சலுகை

கடைசியாக ஒரு விசயம். உழவர்களுக்கு ரயிலில் கட்டணச் சலுகை இருந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. வேளாண் கண்காட்சிக்குப் போனால் 25 சதவீதம், அரசு ஏற்பாடு செய்யும் சிறப்பு ரயிலில் 33 சதவீதம், நல்ல விவசாயமும் பால்பண்ணையும் கற்க தேசிய நிறுவனங்களுக்குப் போனால் 50 சதவீதம். திருச்சி வழியாக மைசூருக்கு இரவு ரயில் போகிறது. மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் சிறுதானியப் பண்டம் செய்யக் கற்கப் போகும் பெண்கள் குழுவுக்கு இந்தச் சலுகை எவ்வளவு கைகொடுக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

2020 மார்ச்சில் கொரோனாவைக் காரணம் காட்டி இவற்றை நிறுத்தினார்கள். ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதம் என்றிருந்த மூத்த குடிமக்கள் சலுகையும் அதோடு போனது. மாற்றுத்திறனாளிகள், நோயாளிகள், மாணவர்களுக்கு மட்டும் விட்டுவைத்தார்கள். அதன்பின் ரயில்கள் எல்லாம் ஓட ஆரம்பித்துவிட்டன, உழவர் சலுகை மட்டும் திரும்பவில்லை. அறுபது வயதான ஆண்களுக்கும் நாற்பத்தைந்து வயதான பெண்களுக்கும் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இன்னும் இருக்கிறது. முன்பதிவு செய்யும்போது வயதைச் சரியாகக் குறிப்பிட்டுக் கேட்டு வாங்குங்கள்.

விதை வாங்கவும் வித்தை கற்கவும் போகிற உழவரின் டிக்கெட் கட்டணத்தில் கால்வாசியைக் குறைப்பதால் ரயில்வே நொடித்துவிடாது. அடுத்த மாவட்டக் கூட்டத்தின் தீர்மானங்களில் உழவர் ரயில் சலுகையை மீட்கும் கோரிக்கையையும் சேர்ப்போம். நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் நேரில் மனு கொடுப்போம். அதுவரை அடுத்த பயணத்துக்கு வேன் பேசுவதற்கு முன்னால் ரயில் அட்டவணையை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். குத்தகைத் தம்பியும் கேழ்வரகு ஆத்தாவும் வர முடிகிற வழி எது என்று கேட்டு அதைத் தேர்ந்தெடுங்கள்.