இறகு உதிர்ந்த கோழியை விற்றுவிடலாமா?

2019-ஆம் ஆண்டின் 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் புறக்கடையில் வளர்க்கப்படும் கோழி முதலிய பறவைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 31.7 கோடி. முந்தைய கணக்கெடுப்பைவிட இது சுமார் 46 சதவீதம் மிகுதியாகும். ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் போன்ற மாநிலங்களில் வீட்டுக்குப் பின்னால் மேயும் பத்துப் பன்னிரண்டு கோழிகளே பல பெண்களின் கைச்செலவுக்கும் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கும் துணையாக உள்ளன. அக்கோழிகள் திடீரென இறகுகளை உதிர்த்து, முட்டையிடுவதையும் நிறுத்தும்போது, நோய் கண்டுவிட்டதென அஞ்சி வந்த விலைக்கு விற்றுவிடுவோர் உண்டு. சில மாதங்களில் மீண்டும் முட்டையிடக்கூடிய கோழி கைவிட்டுப் போகிறது. கடன் தவணையோ அப்படியே நிற்கிறது. ஆகவே, விற்பதற்கு முன் காரணத்தை அறிவது நலம்.

இயல்பான உதிர்வு

ஒரு வயதைக் கடந்த கோழி ஆண்டுக்கொருமுறை பழைய இறகுகளை உதிர்த்துப் புதியவற்றைப் பெறுகிறது. மழைக்காலம் முடிந்து பகற்பொழுது குறையும் நாட்களில் இது பெரும்பாலும் நிகழும். தலை, கழுத்தில் தொடங்கி, மார்பு, உடல் வழியாக, இறக்கை, வால் வரை உதிர்வு பரவும். புதிய இறகின் முளைகள் தோலில் குச்சி குச்சியாகத் தென்பட்டால் அது நோயன்று. இரண்டு அல்லது மூன்று மாதங்களில் கோழி பழைய நிலைக்குத் திரும்பும்.

இறகின் பெரும்பகுதி புரதமே. எனவே இக்காலத்தில் அரிசி, குருணை மட்டும் போதா. எள்ளுப் பிண்ணாக்கு, கருவாட்டுத் தூள், கரையான், அசோலா ஆகியவற்றைத் தீவனத்தில் சேர்க்கலாம். இறகு வளர்ச்சிக்கு வேண்டிய மெத்தியோனின் என்னும் அமினோ அமிலம் எள்ளுப் பிண்ணாக்கில் மிகுதி. பூஞ்சை பிடித்த பிண்ணாக்கை ஒருபோதும் இடலாகாது. முளைக்கும் இறகுகளில் குருதி ஓடுவதால், கோழியை அடிக்கடி கையில் பிடிப்பதும் அதற்கு வலி தரும்.

உதிர்ந்த இடமே காரணத்தைக் காட்டும்

முதுகிலும் பின்தலையிலும் மட்டும் இறகு போயிருந்தால், சேவல் மிதிப்பதே காரணமாகலாம். எட்டு முதல் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும். மார்பும் வயிறும் வெறுமையாக இருந்தால், அது அடைக்கோழியாக இருக்கலாம். அடைகாக்கும் கோழி தன் இறகைத் தானே கொத்தி எடுப்பதுண்டு. வாலடியிலும் முதுகிலும் புண்ணோடு இறகு குறைந்திருந்தால், பிற கோழிகள் கொத்துகின்றன என்று கொள்ளலாம். இட நெருக்கடியும் புரதக் குறைவுமே இதற்குப் பெரும்பாலும் காரணங்கள். புண்பட்ட கோழியை உடனே பிரித்து வைக்க வேண்டும். குருதியைக் கண்டால் மற்றவை மேலும் கொத்தும். கேரளத்திலும் அந்தமான் தீவுகளிலும் காணப்படும் மொட்டைக் கழுத்துக் கோழிக்கோ கழுத்தில் இறகின்மை பிறவி இயல்பே.

பேனும் உண்ணியும்

ஆசனவாயைச் சுற்றி இறகடியில் வெண்ணிற முட்டைக் கொத்துகள் இருந்தால் அது பேன். செவ்வுண்ணி பகலில் கூட்டின் இடுக்குகளில் ஒளிந்து, இரவில் குருதி உறிஞ்சும். ஆதலால் கைவிளக்குடன் இரவில் கூட்டைப் பார்க்க வேண்டும். கோழி மண்ணில் புரள்வது ஒட்டுண்ணிகளைக் குறைக்கும் இயற்கை வழி. உலர்ந்த மணலும் விறகுச் சாம்பலும் கலந்த குழி ஒன்றை நிழலில் அமைத்துக் கொடுக்கலாம். கூட்டைத் துப்புரவு செய்து சுண்ணாம்பு பூசலாம். பயிர்ப் பூச்சிமருந்தைக் கோழியின்மீது தெளிப்பது பேராபத்து. மருந்து வேண்டின் கால்நடை மருத்துவரைக் கேட்டே இட வேண்டும். எத்தனை நாட்கள் முட்டையை உண்ணலாகாது என்பதையும் அவரிடமே கேட்டறிதல் வேண்டும். இறகு உதிர்வோடு சோர்வு, கழிச்சல், மூச்சுத்திணறல் ஆகியன தோன்றினால் காலம் தாழ்த்தலாகாது.

வரவு நிற்கும் மாதங்கள்

2018-19 நிதிநிலை அறிக்கையின் வழி உழவர் கடன் அட்டை வசதி கால்நடை வளர்ப்போருக்கும் விரிவாக்கப்பட்டது. கோழிக்கெனக் கடன் பெறுவோர், முட்டை வரவற்ற இந்த இரண்டு மூன்று மாதங்களையும் தொடக்கத்திலேயே கணக்கில் கொள்ளுமாறு வேண்டுகிறோம். எல்லாக் கோழிகளையும் ஒரே வயதில் வாங்காமல் சில மாத இடைவெளியில் சேர்த்தால், வரவு முழுவதும் ஒருங்கே நிற்கும் வாய்ப்புக் குறையும். தவணை தவறும் எனத் தோன்றினால், கோழியை விற்பதற்கு முன் கிளைக்கு வந்து எங்களிடம் சொல்லுங்கள். தவணை தவறிய பின் பேசுவதைவிட முன்னரே பேசுவது இரு தரப்புக்கும் எளிது.