தன் சோதனை முடிவைக் கேட்காத செய்தியாளர்

தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் தன்பாலீர்ப்பாளரைக் குறிக்க எங்களுக்குத் தெரிந்த சொல் 'ஒன்பது'. இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் மலாயில் 'பொண்டான்' என்பதும் சேர்ந்துகொண்டது. இரண்டுமே வசைதான். மரியாதையான சொல்லை நான் பல்கலைக்கழகத்தில்தான் கேட்டேன். ரெண்டி ஷில்ட்ஸ் என்ற அமெரிக்கச் செய்தியாளரைப் பற்றிப் படித்ததும் இங்கேதான்.

ஷில்ட்ஸ் 1951இல் பிறந்தவர். ஓரிகன் பல்கலைக்கழகத்தில் இதழியல் பயின்றார். தாம் தன்பாலீர்ப்பாளர் என்பதை 20 வயதிலேயே வெளிப்படையாகச் சொன்னார். அதையே முழக்கமாக வைத்து மாணவர் தேர்தலிலும் நின்றார் என்றால் அவருடைய துணிச்சலைப் பார்த்துக்கொள்ளுங்கள்! ஆனால் 1975இல் பட்டம் பெற்றபின் நாளிதழ்கள் அவருக்குக் கதவைத் திறக்கவில்லை. சிறு இதழ்களுக்கும் உள்ளூர்த் தொலைக்காட்சிக்கும் செய்தி எழுதிக் காலம் தள்ளினார். 1981இல்தான் 'சான் பிரான்சிஸ்கோ குரோனிக்கல்' நாளிதழ் அவரைச் சேர்த்துக்கொண்டது.

அதே ஆண்டு ஜூன் 5ஆம் நாள், லாஸ் ஏஞ்சல்ஸில் ஐந்து இளைஞர்களுக்கு அரிய வகை நிமோனியா கண்டிருப்பதாக அமெரிக்க அரசின் சுகாதார அறிக்கை கூறியது. பின்னாளில் எய்ட்ஸ் எனப் பெயர் பெற்ற நோய் அதுதான். பெரிய நாளிதழ்கள் இதைக் கண்டுகொள்ளவில்லை. 1982இல் சிகாகோவில் டைலினால் மாத்திரையில் (நமக்குப் பனடோல் போன்றது) யாரோ நஞ்சு கலந்ததில் எழுவர் இறந்தனர். 'நியூயார்க் டைம்ஸ்' அந்த அக்டோபர் முழுவதும் நாள்தோறும் அதைப் பற்றி எழுதியது. எய்ட்ஸ் பற்றியோ இரண்டு ஆண்டுகளில் ஆறே செய்திகள். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியவர் ஷில்ட்ஸ். இறப்பவர் யார் என்பதைப் பார்த்துத்தான் செய்தியின் அளவு முடிவாகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அவர் தம் சமூகத்தையும் விட்டுவைக்கவில்லை. நோய் பரவ இடமளித்த குளியல் விடுதிகளை மூட வேண்டும் என்று எழுதினார். சொந்த மக்களே அவரைத் துரோகி என்றனர்.

அரசின் மெத்தனம், இரத்த வங்கிகளின் தயக்கம், ஆய்வாளர்களின் போட்டி என அனைத்தையும் தொகுத்து 1987இல் பெரிய நூலாக வெளியிட்டார். அதை எழுதும்போதே அவர் இரத்தச் சோதனை செய்துகொண்டார். ஆனால் நூல் முடியும்வரை முடிவைச் சொல்ல வேண்டாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டார். தெரிந்துவிட்டால் எழுத்தின் நடுநிலை கெடும் என்பது அவர் அச்சம். எழுதி முடித்த நாளில் முடிவைக் கேட்டார். எச்.ஐ.வி. இருந்தது. அமெரிக்க இராணுவத்தில் தன்பாலீர்ப்பாளர்கள் பட்ட பாட்டைச் சொல்லும் அடுத்த நூலை மருத்துவமனைப் படுக்கையில் முடித்தார். 1994 பிப்ரவரியில் 42ஆம் வயதில் மறைந்தார்.

அவர் மீது எனக்கு ஒரு குறையும் உண்டு. கெய்டன் டூகாஸ் என்ற கனடிய விமானப் பணியாளரை நூலில் 'பூஜ்ய நோயாளி' என்று காட்டினார். நூலை விற்பதற்குப் பதிப்பகமும் அதையே முன்னிறுத்தியது. நோயை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தவர் அவரே என்று உலகம் நம்பிவிட்டது. டூகாஸ் 1984இலேயே இறந்துவிட்டதால் மறுத்துப் பேச வாயில்லை. உண்மையில் ஆய்வுக் குறிப்பில் இருந்தது சுழியம் அன்று. 'கலிபோர்னியாவுக்கு வெளியே' என்பதைக் குறித்த 'ஓ' என்ற ஆங்கில எழுத்து. 1970 வாக்கிலேயே அந்தக் கிருமி நியூயார்க்கில் இருந்ததை 2016இல் மரபணு ஆய்வு நிறுவியது. தம்மோடு பழகியவர்களின் பெயர்களைச் சொல்லி, இரத்தமும் கொடுத்து, ஆய்வாளர்களுக்கு உதவியவர் டூகாஸ்.